சுவர்ப் பக்கத்துப் பெஞ்சு

கார்த்திகை 4, திங்கள்

மழை. விடியுமுன்பே பிடித்துக்கொண்டது. கித்தா மரம் நனைந்தால் ரப்பர் பால் வெட்ட முடியாது, அதனால் அப்பாவும் அம்மாவும் வீட்டில். பள்ளிக்கூடம் மட்டும் உண்டு.

இன்று முதல் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். நானாக நினைத்துக்கொண்டது வந்தால் பக்கத்திலேயே ‘ஊகம்’ என்று போடுவேன். அப்படிச் செய்தால் பிறகு படிக்கும்போது ஏமாற மாட்டேன். வாத்தியாரை வா. என்று எழுதுகிறேன். யாராவது எடுத்துப் பார்த்தாலும் உடனே புரியக்கூடாது.

இன்றைய செய்தி: வா. பெஞ்சுகளை மாற்றினார். நான்காம் வகுப்பு முழுவதும் கலைந்தது. ருக்குமணியும் இன்னும் சிலரும் சன்னல் பக்கம். நான், மாரி, தைலம்மை, அவள் தம்பி, இன்னும் சிலர் சுவர்ப் பக்கம். சுவரில் ஒழுக்கு. என் முதுகு ஈரம்.

வா. சொன்னது: “கித்தா விலை விழுந்து போச்சு. நாளைக்கு எந்த வேலை இருக்கும், எது போகும்னு யாருக்கும் தெரியாது. அதனால நாம படிக்கிற பாடத்தையும் கொஞ்சம் மாத்தணும்.”

நல்ல பேச்சுதான். ஆனால் சொல்லும்போது எங்கள் பெஞ்சைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தார்.

ஸ்லேட்டுக் குச்சி முடிந்துவிட்டது. அப்பாவிடம் கேட்க வேண்டும்.


கார்த்திகை 5, செவ்வாய்

காலையில் வெயில், மதியம் மறுபடி மழை.

சன்னல் பக்கத்துக்கு இன்று: மலாய் வார்த்தைகள், இங்கிலீஷ் எழுத்தில். காத்தி, பீக்குல் என்று கடை நிறுவைக் கணக்கு. கடைக்குப் போய்ப் பேசுவது எப்படி.

சுவர்ப் பக்கத்துக்கு: படி, மரக்கால், கலம். நஞ்சை, புஞ்சை. நாற்றங்கால் என்றால் என்ன. எருமைக்கும் பசுவுக்கும் தீனி.

நான் எழுந்து கேட்டேன்: “சார், மரக்கால் எங்க இருக்கு? சாஆ டவுன் கடையில காத்திதானே நிறுக்கிறாங்க?”

“இது நம்ம ஊர் அளவும்மா.”

மாரி சும்மா இருப்பானா? “நம்ம ஊரு சாஆதானே சார்? இல்ல, எனக்குத் தெரியாம வேற ஊரு வாங்கிட்டாங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். வா.வும் சிரித்தார், ஆனால் உடனே நிறுத்திக்கொண்டார். பிரம்பை எடுக்கவில்லை. மாரி இப்படிப் பேசினால் எப்போதும் ஒன்று விழும். இன்று விழவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

ரெண்டு பாடத்தையும் ரெண்டு பெஞ்சுக்கும் சொல்லித்தரலாமே என்று கேட்டேன். “எல்லாத்தையும் ஒரே தலையில ஏத்த முடியாது” என்றார். என் தலையில் ஏறும். அவருக்கும் அது தெரியும்.

வீடு திரும்பும்போது ருக்குமணி: “நாங்க மலாய் படிக்கிறோம், நீங்க மாட்டுப் பாடமா? அலமாக்! அஞ்சல, உனக்கு எந்த மாடு, எருமையா பசுவா?”

கண்காணி மகள் என்பதால் எதுவும் சொல்லலாம் என்று நினைப்பு. என் ஸ்லேட்டைப் பார்த்துத்தான் அவள் போன வாரம்வரை கணக்குப் போட்டாள்.

ஏன் இப்படிப் பிரித்தார்? ஊகங்கள்:

ருக்குமணி வீட்டிலிருந்து வா.க்குக் கருவாட்டுக் குழம்பு போகிறது. போவதை நான் பார்த்திருக்கிறேன், அது ஊகம் இல்லை. அதற்காகத்தான் பிரித்தார் என்பது ஊகம்.

மக்குகள் சுவர்ப் பக்கம்? இல்லை. தைலம்மை நன்றாகப் படிப்பாள். நானும். சன்னல் பக்கம் கோவிந்தன் இருக்கிறான், அவனுக்கு இன்னும் ‘ழ’ வராது.

பெண்கள், ஆண்கள்? இல்லை. கலந்து இருக்கிறோம்.

வேறு ஏதோ.


கார்த்திகை 7, வியாழன்

மழை இல்லை. அப்பா வேலைக்குப் போய் வந்தார். பாதிக் காட்டில் மட்டும் வெட்டு. மீதி மரங்களைச் சும்மா விட்டிருக்கிறார்கள். பால் பிடிக்கும் மங்குகளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்களாம்.

அப்பா கத்தியைத் தீட்டும்போது பெஞ்சு விஷயத்தைச் சொன்னேன்.

“சொல்லித்தந்தா கத்துக்க. அதுல என்னா குத்தம் கண்டுபிடிக்கிற?”

“எங்களுக்கு மட்டும் ஏன்ப்பா நெல்லு?”

“சோறு திங்கிறேல்ல? நெல்லு தெரிஞ்சா என்னா?”

அம்மா அடுப்படியிலிருந்து, “யார் யாரு சுவர்ப் பக்கம்?” என்று கேட்டாள். பேர் பேராகச் சொன்னேன். அம்மா அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். “எல்லாம் கீழ் லயத்துப் புள்ளைங்க” என்றாள்.

உண்மை. எனக்கு ஏன் தோன்றவில்லை! மேல் லயத்து வீட்டு வரிசையில் இருப்பவர்கள் எல்லாம் கண்காணி ஊரிலிருந்து கண்காணியே கப்பலேற்றிக் கூட்டி வந்தவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள். கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் முதலில் அவர் வாசலுக்குப் போவார்கள். கீழ் லயத்தில் இருக்கும் நாங்கள் வேறு வேறு தோட்டத்திலிருந்து வேலை கேட்டு வந்தவர்கள். நாங்கள் யோங் பெங் பக்கமிருந்து. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சேர்த்துக்கொண்டார். கண்காணி ஆள் இல்லை.

அப்பா: “அதுக்கும் இதுக்கும் என்னா? சும்மா கத கட்டாதீங்க ரெண்டு பேரும்.”

அப்பா வெட்டும் மரத்தில் காயமே இருக்காது. துரையே ஒருமுறை நின்று பார்த்திருக்கிறார். அதனால் அப்பாவுக்குப் பயமில்லை. எனக்கு இருக்கிறது.

புளி தீர்ந்துவிட்டது. இரவல் வாங்கப் போனேன், தைலம்மை வீட்டில்.


கார்த்திகை 8, வெள்ளி

நடந்ததை நடந்தபடி.

வா. எங்கள் பெஞ்சை மட்டும் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே வாய்க்கால் ஓரம் சேறு. நடவுப் பாடமாம். நாற்றுக்கு எங்கே போவது? இந்தப் பக்கம் ஒரு வயல் கிடையாது. “பார்க்க நாத்து மாதிரி எது இருக்கு?” என்று அவரே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு எங்களை லாலான் புல் பிடுங்கி வரச் சொன்னார். இளசாக, வேரோடு.

தோட்டத்தில் லாலான் என்றால் என்னவென்று கைக்குழந்தைக்கும் தெரியும். அது வந்தால் மரம் செத்தது. அதைப் பிடுங்குவதற்கென்றே புல்லுக் கூட்டம் ஒன்று தினமும் காட்டில் குனிந்து நிற்கிறது. அதை நாங்கள் வரிசை பிடித்து நட்டோம். அழகாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு சங்கடம். நட்டுக்கொண்டே முன்னால் போகச் சொன்னார். இரண்டாம் வரிசைக்குக் கால் வைத்தால் முதல் வரிசை காலுக்குக் கீழே.

மாரி: “சார், நட்டத நாங்களே மிதிக்கிறோம். இதுவும் பாடத்துல உண்டா?”

வா. குனிந்து மிதிபட்ட ஒரு புல்லை நிமிர்த்திவிட்டார். “மெதுவா மிதிங்க” என்றார்.

அப்போது கண்காணி வந்தார். குடையை மடக்காமல் ஓடி வந்தார்.

“வாத்தியாரே! என்னாய்யா இது? லாலான புடுங்கச் சொல்லி தெனமும் துரைகிட்ட ஏச்சு வாங்குறேன் நானு. நீ புள்ளைங்கள வச்சு நட்டு வளக்கிறியா? மூள இருக்கா ஒனக்கு?”

“பாடத்துக்குத்தான் கண்காணி. நாத்து கெடைக்கல.”

“என்னா நாத்து?”

“நடவு. நெல்லு நடவு.”

கண்காணி குடையை மடக்கினார். பிறகு எங்களைப் பார்த்தார், ஒவ்வொருத்தராக. தைலம்மையை, அவள் தம்பியை, மாரியை, என்னை. அவர் முகம் மாறியது. குரல் தணிந்துவிட்டது.

“ஓ… இந்தப் புள்ளைங்களா. சரி, சரி. படிக்கட்டும். போம்போது புடுங்கிப் போட்டுட்டுப் போங்க.”

என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். அவர் யார் தலையிலும் கை வைத்து நான் பார்த்ததில்லை.

திட்டியிருந்தால் இப்போது தூங்கியிருப்பேன்.

ஊகம்: எங்களைக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பப்போகிறார்கள். பெக்கோக் பக்கம் ஒரு தோட்டத்தில் பாதிப்பேரை ஊருக்கு அனுப்பிவிட்டதாக ரொட்டிக்காரர் மரைக்காயர் அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன்.


கார்த்திகை 9, சனி

அப்பாவிடம் சொன்னேன். இந்தத் தடவை கத கட்டாதே என்று சொல்லவில்லை. வெளியே போய் உட்கார்ந்தார்.

அப்பா கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்தவர். அம்மா பிறந்தது மூவார் பக்கம். தாத்தா கப்பலேறி வந்த இடத்தைத்தான் ‘ஊர்’ என்று வீட்டில் சொல்வோம். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அம்மா ஒரு கோழியைக் கண்காணி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றாள். அப்பா, “கோழிய அறுத்து நாம தின்னலாம்” என்றார்.


கார்த்திகை 11, திங்கள்

தூறல்.

பள்ளி விட்டதும் வா.விடம் நேராகக் கேட்டேன். “எங்கள அனுப்பப் போறாங்களா சார்?”

“யார் சொன்னது?”

“நீங்கதான் சார். மரக்கால் சொல்லிக்குடுத்தீங்களே.”

கதவைச் சாத்தினார். கரும்பலகையைத் துடைத்தார், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. “கிராணி எங்கிட்ட சொன்னாரு. வெளிய சொன்னா என் வேலை போயிடும். சொல்லவும் முடியல, சும்மா இருக்கவும் முடியல. வேற நான் என்னாம்மா செய்யிறது?”

“எங்க பேர யாரு குடுத்தது? நீங்களா?”

“சத்தியமா நான் இல்ல.”

நம்பலாமா? துடைத்த பலகையை மறுபடி துடைத்தார். பொய் சொல்கிறவனும் துடைப்பான், பயந்தவனும் துடைப்பான். கருவாட்டுக் குழம்பு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

வீட்டில் அம்மா துணி மூட்டை கட்டி, பிரித்து, மறுபடி கட்டினாள்.


கார்த்திகை 13, புதன்

காலை பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, போகிறவர்கள் பேரை வாசித்துவிட்டார்களாம். கீழ் லயம் முழுக்க. எந்தக் குறையும் சொல்லவில்லையாம். விலை ஏறினால் திரும்பக் கூப்பிடுவார்களாம்.

சாயங்காலம் கண்காணி எங்கள் வீட்டுக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை. அம்மா பாய் போட்டாள், உட்காரவில்லை.

“ஒன்ன மாதிரி வெட்டுக்காரன விட எனக்கு மனசில்லப்பா. துரைகிட்ட பேசிப் பாக்குறேன். ஆனா ஒரு வீட்டுக்கு மூணு கை வேணும்கிறாரு. பொண்ணு வளந்துட்டாளே. புல்லுக் கூட்டத்துல போடு. இங்கயே இருந்துக்கலாம்.”

அம்மா உடனே, “அப்படியே செய்யிறோம் கண்காணி” என்றாள்.

நான்: “பள்ளிக்கூடம், மாமா?”

“வேல முடிஞ்சு வந்து படி.”

“பள்ளிக்கூடம் மத்தியானத்தோட முடிஞ்சிடும். வேலையும் அப்பத்தான் முடியும்.”

“அப்ப சாயங்காலம் ருக்குமணிகிட்ட கேட்டுக்க. அவ சொல்லித்தருவா.”

ருக்குமணி எனக்கு!

அப்பா அப்போதுதான் பேசினார். “எத்தன நாளைக்கு?”

“வெல ஏறுற வரைக்கும்.”

“ஏறலன்னா?”

“ஏறும்யா.”

“இன்னும் விழுந்தா? நாலாவது கைக்கு எங்க போவேன் கண்காணி?”

அவர் சிரித்தார். “நாளன்னிக்குப் பதில் சொல்லு” என்று போய்விட்டார்.

எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? தைலம்மை வீட்டுக்கு அவர் போகவில்லை. விசாரித்தேன். ஊகம்: அப்பா இருந்தால் நல்ல வெட்டு, அதோடு இனிமேல் கண்காணி ஆள். மேல் லயத்துக்காரர்களைப்போல எல்லாவற்றுக்கும் அவர் வாசல். இன்னொரு ஊகம்: உண்மையிலேயே இரக்கம். இரண்டாவதுக்கு ஆதாரம், தலையில் வைத்த கை. அதைத் தவிர இல்லை.

அம்மா என் பக்கம் திரும்பாமல், “ஒரு வருஷம் புல்லு புடுங்கினா கொறஞ்சா போயிடுவ” என்று சட்டியிடம் சொன்னாள்.


கார்த்திகை 14, வியாழன்

சுவர்ப் பக்கத்தில் இன்று பாதிப்பேர் வரவில்லை. மாரி வந்தான். “பரீட்ச எழுதாமலே பாஸாயி ஊருக்குப் போறேன்” என்கிறான். அவன் அம்மா மாசமாக இருக்கிறாளாம், கப்பல் ஆகுமா என்று தெரியவில்லை. அதையும் அவன்தான் சொன்னான், அதே குரலில்.

வா.விடம் மறுபடி போனேன்.

“நீங்க நடவு பாத்திருக்கீங்களா சார்?”

“நான் பொறந்தது பினாங்கு டவுன்ல.”

“அப்ப?”

“எங்க அப்பா சொல்லிக் கேட்டது.”

“அதான் மிதிக்கச் சொன்னீங்க.”

சாக்குக்கட்டி டப்பாவை மூடினார்.

“அங்க என்னை மாதிரி படிச்ச பொண்ணுக்கு என்னா வேலை இருக்கு சார்?”

“தெரியாதும்மா.”

“மேல படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கா?”

“எனக்குத் தெரியாது.”

முதல் தடவையாக அவரை முழுக்க நம்பினேன். பக்கத்தில் ‘ஊகம்’ என்று போடவில்லை.


கார்த்திகை 15, வெள்ளி

மழை. அப்பா பதில் சொல்லிவிட்டார். போகிறோம்.

அம்மா சண்டை. பாத்திரம் ஒன்று நசுங்கியது. “தெரியாத ஊர்ல பொண்ண வச்சுக்கிட்டு என்னா செய்வீங்க? சொல்லுங்க, என்னா செய்வீங்க?”

அப்பா: “இங்க இருந்தா இவ என்னா ஆவான்னு எனக்கு நல்லாத் தெரியும். அங்க போனா தெரியாது. தெரியாததே இருக்கட்டும்.”

அம்மா நசுங்கிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா அதை எனக்காகச் சொன்னாரா, கண்காணிமேல் இருந்த கோபத்தில் சொன்னாரா? கத்தியைக் கிராணி ஆபீசில் திருப்பிக்கொடுத்துவிட்டு வந்தபின் கண் சிவந்திருந்தது. கித்தா ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துப் பக்கமாக வந்தேன், புகை என்றார். அந்த வழி ஆபீசிலிருந்து வீட்டுக்கு வராது.

புல்லுக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

ருக்குமணி வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். “ஒன் ஸ்லேட்ட எனக்குத் தர்றியா? ஊருல புதுசு கெடைக்கும்ல” என்றாள். தரவில்லை. போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஸ்லேட்டையா என்னையா, தெரியாது.


கார்த்திகை 19, செவ்வாய்

ஜொகூர் பாரு. நீளமான தகரக் கொட்டகை. சிமெண்டுத் தரை. மேலே வரிசையாக மின்சார விளக்குகள், பகல் மாதிரி. நாளை பாலம் தாண்டிச் சிங்கப்பூர், அங்கிருந்து கப்பல்.

காலையில் லாரியில் பெக்கோக், பிறகு ரயில். நான் ஏறிய முதல் ரயில். பிடித்ததா என்று கேட்டால், பிடித்தது. வழியெல்லாம் கித்தா மரம்தான். கவிழ்ந்த மங்குகள்.

வா. ஸ்டேஷனுக்கு வரவில்லை. மாரி குடும்பம் அடுத்த கூட்டத்தில் வருமாம், அவன் அம்மாவால் முடியவில்லை.

கொட்டகையில் வேறு தோட்டத்து ஆட்களும். எல்லாரும் ஒரே கேள்வி: உங்களுக்கு ஊரில் யார் இருக்கா?

மேசைக்குப் பின்னால் ஒரு தமிழ் ஐயா, கோட்டும் தொப்பியும். வரிசையில் நின்றோம். பேர் கேட்டார், கிராமம் கேட்டார். அப்பா தன் அப்பாவின் கிராமத்தைச் சொன்னார்.

“என்ன வேலை தெரியும்?”

“கித்தா வெட்டுவேங்க.”

“அங்கே கித்தா கிடையாதே. வேறே?”

அப்பாவின் கை மட்டும் அசைந்தது, பட்டையில் கத்தி இழுக்கிற மாதிரி, கொஞ்சமாக. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பாவுக்குப் பதில் வராமல் நிற்பதை நான் பார்த்ததே இல்லை.

“நடவு தெரியும் ஐயா. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்” என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அந்த ஐயா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நம்பவில்லை.

“எப்படி நடுவே?”

யோசித்துப் பார்த்ததில் ஒரு வழிதான் இருக்கிறது. “பின்னால நடந்துக்கிட்டே. நட்டது காலுக்குப் படாம.”

எழுதிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சரியாகச் சொன்னேனா, அவரும் பார்த்ததில்லையா, தெரியவில்லை.

சோறு, பருப்பு. உப்பு அதிகம். அம்மா மற்றப் பெண்களோடு குழாயடியில்.

அப்பா என் பக்கம் நகர்ந்து வந்தார். யாரும் கேட்காதபடி, “நடவுன்னா என்னாம்மா பண்ணணும்?” என்றார்.

மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவி ஒடித்துக் கொடுத்தேன். தரையில் சிமெண்டு வெடித்த கோடு ஒன்று போகிறது, அதில் குத்தலாம். குனிந்து காட்டினேன். அப்பா வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு ஈர்க்கையும் மரத்தைத் தொடுவது போலத்தான் பிடிக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் உட்கார்ந்தார். அவர் பையனும். “இடம் எவ்வளவு விடணும் பாப்பா?” என்கிறார். எனக்குத் தெரியாது. ஒரு சாண் என்றேன்.

அப்பா இப்போது பின்னால் நகர்கிறார், குந்தியபடியே. ஒரு கோடு முடிந்தது. அடுத்த வெடிப்பைத் தேடுகிறார். கண்டுபிடித்துவிட்டார். முதல் ஈர்க்கை வைக்கப்போனார், விளக்கை அணைத்துவிட்டார்கள். இந்த வரி இருட்டில்.